பினாங்கில் பழைய கிடங்குக்குள் கடை எடுக்கப் போகிறீர்களா?

அக்காவும் நானும் ஜார்ஜ்டவுனில், பெங்காலான் வெல்ட் பக்கம், ஒரு பழைய கிடங்கைப் புதுப்பித்துத் திறந்த ஃபுட் ஹாலுக்குள் தோசைக் கடை போட்டோம். வாடகை ஓடத் தொடங்கியது மார்ச் 1. முதல் தோசை கல்லில் விழுந்தது ஜூன் பாதியில். மார்ச், ஏப்ரல், மே என்று மூன்று மாத வாடகை, 8,400 வெள்ளி, ஒரு வடைகூட விற்காமல் கட்டினோம். அந்தப் பணம் போனது போனதுதான். அடுத்து எடுப்பவருக்காவது மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன்.

எந்த ஹால், தவுக்கே (முதலாளி) யார் என்று மட்டும் கேட்காதீர்கள். இன்னும் அங்கேதான் கடை நடத்துகிறோம்.

கோலாலம்பூரில் எடுப்பவர்களுக்கும் வரிசை பெரும்பாலும் இதுதான். நான் மாநகர் கழகம் என்று சொல்லும் இடத்தில் டி.பி.கே.எல். (கோலாலம்பூர் மாநகராட்சி) என்று போட்டுக்கொள்ளுங்கள். படிவமும் கட்டணமும் வேறாக இருக்கும், மாட்டிக்கொள்ளும் இடங்கள் அதேதான்.

1. வாடகையைக் கேட்பதற்கு முன் கட்டடத்தின் காகிதத்தைக் கேளுங்கள்

எல்லாரும் முதலில் கேட்பது "மாசம் எவ்வளவு?" நாங்களும் அதைத்தான் கேட்டோம். கேட்டிருக்க வேண்டியது, "இந்தக் கட்டடத்தில் சாப்பாடு விற்க அனுமதி இருக்கிறதா?"

கிடங்கு என்பது மாநகர் கழகத்தின் பதிவில் சரக்கு வைக்கும் இடம். அங்கே ஆட்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமானால், கட்டடத்தின் பயன்பாட்டை மாற்ற உரிமையாளர் அனுமதி வாங்க வேண்டும். மலாயில் துக்கார் குனா பங்குனான் என்பார்கள். நீங்கள் வாங்க வேண்டியதல்ல, அவர் வாங்க வேண்டியது. ஆனால் அது இல்லையென்றால் உங்கள் உரிம விண்ணப்பம் நகராது. சுவருக்குச் சாயம் அடித்து, பழைய செங்கல்லைத் துலக்கி, மஞ்சள் பல்பு தொங்கவிட்டு, இன்ஸ்டாகிராமில் படமும் போட்டுவிட்டார்களே, அனுமதி இல்லாமலா இருக்கும் என்று நாங்களே நினைத்துக்கொண்டோம்.

உரிமத்துக்கு விண்ணப்பித்து இரண்டு வாரம் ஆனது, பதில் இல்லை. நேரில் போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் ஒன்றும் சொல்லவில்லை, கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எங்கள் முகவரிக்கு எதிரே 'ஸ்தோர்' என்று ஒரே ஒரு சொல். உரிமையாளர் விண்ணப்பம் போட்டிருக்கிறார், முடிவு வரவில்லை. அது வர மே கடைசி ஆனது.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்த நான்கையும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் மங்கலான படம் போதாது, பிரதி கையில் வேண்டும்.

பயன்பாட்டு மாற்றத்துக்கான அனுமதிக் கடிதம். "அப்ளை பண்ணியாச்சு" என்பது அனுமதி ஆகாது.

புதுப்பித்த பிறகு வாங்க வேண்டிய சி.சி.சி., அதாவது கட்டட வேலை முடிந்தது, புழங்கத் தகுந்தது என்ற சான்றிதழ். முன்பு சி.எஃப். என்றோமே, அதன் இடத்தில் 2007 முதல் வந்தது.

தீயணைப்புத் துறையின், அதாவது பொம்பாவின் ஆதரவுக் கடிதம். கூரைச் சட்டமெல்லாம் மரமாக இருக்கும் கிடங்கில் இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

நான்காவது, பலருக்குத் தோன்றாதது. ஃபுட் ஹால் நடத்துபவர் பெரும்பாலும் கட்டட உரிமையாளர் அல்ல, அவரும் வாடகைக்கு எடுத்தவர்தான். உள்வாடகைக்கு விட அவருக்கு உரிமை உண்டா, அவருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். அவருக்கே இன்னும் ஒன்றரை ஆண்டுதான் பாக்கி என்றால், உங்களுக்கு மூன்று ஆண்டு எப்படித் தருவார்?

ஜார்ஜ்டவுனின் யுனெஸ்கோ பாரம்பரிய எல்லைக்குள் இருக்கும் கட்டடம் என்றால் இன்னொரு அடுக்கு உண்டு. மையப் பகுதியானாலும் அதைச் சுற்றிய பகுதியானாலும் வெளிச்சுவரில் துளை போடுவது, புகைக் குழாயை முகப்புப் பக்கம் இழுப்பது, பெயர்ப்பலகை மாட்டுவது எதையும் நினைத்தபடி செய்ய முடியாது. உங்கள் கடையின் புகை எந்த வழியாக வெளியே போகும் என்று இப்போதே கேட்டுவிடுங்கள். "அதைப் பிறகு பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் நீங்களும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முன்பணத்தை.

2. மூன்று வேளை போய் உட்காருங்கள்

ஹால் ஏற்கெனவே திறந்திருந்தால், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஒரு வெள்ளி இரவு, ஒரு ஞாயிறு காலை போய் ஒரு தே தாரேக் வாங்கிக்கொண்டு உட்காருங்கள். கூட்டத்தை மட்டும் எண்ணாதீர்கள், தட்டோடு போகிறவர்களை எண்ணுங்கள். படம் எடுக்க வருகிற கூட்டம் வேறு, பசியாற வருகிற கூட்டம் வேறு.

கூரையைப் பாருங்கள். துத்தநாகக் கூரைக்குக் கீழே, குளிர்சாதனம் இல்லாத ஹாலில், மதியம் இரண்டு மணிக்கு அடுப்புக்கு முன் நிற்க முடியுமா? பெரிய மின்விசிறி இருந்தால் அது யார் தலைக்கு மேலே சுழல்கிறது? எங்களுக்கு முதலில் காட்டிய லாட், அதாவது கடை போடும் இடம், சரியாக விசிறிக்குக் கீழே. நல்ல காற்று என்று அக்காவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தோசைக்கல்லுக்கு அந்தக் காற்று எதிரி. ஒரு பக்கம் ஆறிப்போகும், ஊற்றிய மாவு வேகும் முன்பே மேல்தோல் காய்ந்து வெடிக்கும். சுவரோரம் மாற்றிக் கேட்டோம், கிடைத்தது.

மழை நாளிலும் ஒரு முறை போய்ப் பாருங்கள். கடலோரச் சாலைகளில் கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் சாக்கடைத் தண்ணீர் திரும்பி வரும். தரையில் உள்ள வடிகால் துளை உங்கள் லாட்டுக்குள் இருந்தால், அந்தத் தண்ணீர் முதலில் வருவது உங்களிடம்தான். செப்டம்பர், அக்டோபரில் இடம் பார்ப்பவர்களுக்கு இது ஒரு வசதி, மழைக்காகத் தனியாகக் காத்திருக்க வேண்டாம்.

கழிவறைக்குப் பக்கத்து லாட் வாடகை குறைவாக வரும். எடுக்காதீர்கள்.

3. வாடகை ஒரு எண் அல்ல

எங்களுக்குச் சொன்னது இப்படி: மாதம் 2,800 வெள்ளி, அல்லது விற்பனையில் 18 விழுக்காடு, எது அதிகமோ அது. கேட்கும்போது இனிப்பாக இருக்கும். வீட்டுக்கு வந்து கணக்குப் போடுங்கள்.

2,800-ஐ 18 விழுக்காட்டால் வகுத்தால் சுமார் 15,555. மாத விற்பனை அதற்குக் கீழே இருந்தால் 2,800. அதைத் தாண்டினால் ஒவ்வொரு நூறு வெள்ளியிலும் பதினெட்டு அவர்களுக்கு. 24,000 விற்றால் வாடகை 4,320. வியாபாரம் நன்றாக நடந்தால் வாடகையும் ஏறும் என்பதைச் சரி என்று ஏற்றுக்கொள்கிறவர்கள் ஏற்றுக்கொள்ளலாம், நாங்களும் ஏற்றுக்கொண்டோம். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டோம். விற்பனை என்றால் எது?

கிராப்ஃபூட், ஃபுட்பாண்டா வழியாகப் போவதும் அந்த விற்பனையில் சேருமா? 12 வெள்ளி நெய்த் தோசை செட் ஒன்று டெலிவரியில் போகிறது என்று வையுங்கள். செயலி 30 விழுக்காடு எடுத்தால் 3.60 போயிற்று. ஹால் முழு 12 வெள்ளிக்கும் 18 விழுக்காடு கேட்டால் இன்னொரு 2.16. மிச்சம் 6.24. அதில் நெய், மாவு, பெட்டி, கரண்டி, ஆள் கூலி. டெலிவரியில் எவ்வளவு விற்கிறோமோ அவ்வளவு நட்டம் என்பது எங்களுக்கு இரண்டாவது மாதம்தான் உறைத்தது. டெலிவரி விற்பனையை விழுக்காட்டுக் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால், செயலியின் கழிவு போக மிஞ்சும் தொகைக்கு மட்டும் என்றாவது எழுதி வாங்குங்கள்.

அடுத்தது, பணம் யார் கையில் விழுகிறது? பல ஹால்களில் கல்லா பொதுவானது. வாடிக்கையாளர் கட்டும் பணம் நிர்வாகத்தின் கணக்குக்குப் போய், அவர்கள் பங்கைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை உங்களுக்கு அனுப்புவார்கள். எங்களுக்கு 15 நாளுக்கு ஒரு முறை கணக்கு முடிப்பு, அதற்குப் பிறகு 10 நாளில் பணம். ஆக முதல் 25 நாள் கையில் ஒரு காசு வராது. உளுந்துக் கடைக்காரர் 25 நாள் காத்திருப்பாரா? அந்த இடைவெளிக்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். தினசரி விற்பனை அறிக்கையை நீங்களே கணினியில் பார்க்கும் வசதியையும் கேளுங்கள்.

வாடகைக்கு மேல் வருபவை: சேவைக் கட்டணம், விளம்பர நிதி, தட்டு கழுவும் கட்டணம், குப்பை, பூச்சி மருந்து, கல்லா இயந்திர வாடகை. எங்கள் ஹாலில் இவை எல்லாம் சேர்ந்து மாதம் 620 வெள்ளி. விளம்பரத் தாளில் ஒன்றுகூட இல்லை.

வாடகைக்குச் சேவை வரியும் 2025 ஜூலை 1 முதல் வந்துவிட்டது. சிறு வியாபாரிகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் விகிதமும் விலக்கு வரம்பும் அறிவிப்புக்கு அறிவிப்பு மாறுகின்றன. கையெழுத்துப் போடும் வாரத்தில் சுங்கத் துறையின் அப்போதைய அறிவிப்பைப் பார்த்து, வரி உங்களுக்குப் பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள்.

4. ஒப்பந்தத்தைப் படியுங்கள், முக்கியமாகத் தேதியை

எங்கள் ஒப்பந்தம் 23 பக்கம். எங்களைக் கவிழ்த்தது ஒரே வரி. வாடகை மார்ச் 1 முதல் தொடங்கும் என்று அதில் இருந்தது. உரிமம் வந்ததா, மின்சாரம் வந்ததா, ஹாலே திறந்ததா என்ற பேச்சே இல்லை. இரண்டு வார இலவச நாள் கொடுத்தார்கள், அது அடுப்பு பொருத்துவதற்கே போதவில்லை.

நீங்கள் கேட்க வேண்டியது: உரிமம் கையில் வந்த நாள், அல்லது ஹால் பொதுமக்களுக்குத் திறந்த நாள், இதில் எது பிந்தியதோ அன்றிலிருந்து வாடகை. கட்டடத்தின் அனுமதி குறையால் உரிமம் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுதும் 14 நாளில் திரும்ப வேண்டும். முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள், இருக்கட்டும். பாதி வாடகைக்காவது பேசுங்கள். எங்களுக்குப் பிறகு வந்த பக்கத்துக் கடை அண்ணன் பேசி வாங்கினார். கேட்டால் தருகிறார்கள், நாங்கள்தான் கேட்கவில்லை.

மேல்பக்கத்தில் தெனன்சி என்றிருக்கிறதா, லைசென்ஸ் என்றிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. வாடகைதாரர் என்றால், காலம் முடிந்தும் உள்ளே இருப்பவரை நீதிமன்றம் போகாமல் வெளியேற்றக் கூடாது என்று 1950-ஆம் ஆண்டின் குறித்த நிவாரணச் சட்டத்தில், 7-ஆம் பிரிவில் பாதுகாப்பு இருக்கிறது. வெறும் பயன்படுத்தும் அனுமதி என்றால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. ஃபுட் ஹால்களில் பெரும்பாலும் தருவது இரண்டாவது வகைதான். தலைப்பு மட்டுமே தீர்ப்பு அல்ல, உள்ளே எழுதியிருப்பதையும் நீதிமன்றம் பார்க்கும். ஆனால் தகராறு வந்த பிறகு அதை நிரூபிக்க வக்கீல் செலவு உங்களுடையது. எங்கள் ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்ட 500 வெள்ளி கேட்டார். அதிகம் என்று விட்டோம். 8,400 கட்டியவர்கள் 500-ஐ மிச்சப்படுத்திய கதை இது.

இன்னும் சில வரிகளைத் தேடிப் பாருங்கள். உங்களை வேறு லாட்டுக்கு மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டா? உண்டென்றால் செலவு யாருடையது? தோசை விற்கும் இன்னொரு கடைக்கு இடம் தர மாட்டோம் என்று எழுதுவார்களா? 'இந்திய உணவு' என்று பொதுவாக எழுதினால் பக்கத்திலேயே ரொட்டி சானாய் வந்து நிற்கும், அப்புறம் வாக்குவாதம். இட்லி, தோசை, வடை என்று பண்டத்தின் பெயரைப் போட்டு எழுதுங்கள். கட்டாயத் திறப்பு நேரம் என்ன? தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் மூடினால் அபராதமா? எங்களுக்கு நாளொன்றுக்கு 200 வெள்ளி அபராதம் என்றிருந்தது. அதை மட்டும் அக்கா பார்த்துவிட்டார். ஆண்டுக்கு ஐந்து நாள் விடுப்பு என்று திருத்தி வாங்கினார்.

காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போனால் நில அலுவலகத்தில் பதிய வேண்டிய குத்தகையாகிவிடும். முதல் கடைக்கு அது வேண்டாம். ஒரு ஆண்டு, பிறகு இன்னொரு ஆண்டு நீட்டிக்கும் உரிமை உங்களுக்கு என்று கேளுங்கள். நீட்டிப்பு வாடகை எவ்வளவு ஏறலாம் என்பதற்கு உச்சவரம்பும் அதே வரியில் வேண்டும்.

5. முத்திரை வரி

வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை இல்லையென்றால் நீதிமன்றத்தில் அதைச் சான்றாகக் காட்ட முடியாது. கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரை இட வேண்டும். 2025 முதல் கணக்கு: ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 வெள்ளிக்கும், ஓராண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு 1 வெள்ளி, ஓராண்டுக்கு மேல் மூன்றாண்டு வரை 3 வெள்ளி. முதல் 2,400 வெள்ளிக்கு முன்பு இருந்த விலக்கு இப்போது இல்லை. மாதம் 2,800, இரண்டு ஆண்டு என்றால், ஆண்டு வாடகை 33,600, அதில் 250 எத்தனை? 134.4, அதை 135 என்று வையுங்கள். மூன்றால் பெருக்கினால் 405 வெள்ளி. மறுபிரதிக்கு 10.

இதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும், பெரும்பாலும் நாம்தான். ஆனால் "நாங்களே முத்திரை போட்டுத் தருகிறோம்" என்று பணம் வாங்கிக்கொண்டால், முத்திரைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். தாமதமானால் 50 வெள்ளி அல்லது வரியில் 10 விழுக்காடு, எது அதிகமோ அது தண்டம், மூன்று மாதத்தைத் தாண்டினால் அது 100 அல்லது 20 விழுக்காடாகும்.

6. பெயர்ப் பதிவு, ஊசி, வகுப்பு

இதில் பயப்பட ஒன்றுமில்லை, ஒரு வாரத்தில் முடியும்.

எஸ்.எஸ்.எம். (நிறுவனங்கள் ஆணையம்) பதிவு இணையத்திலேயே ஆகிவிடும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைக்குத் தனிப் பெயர் வைத்தால் 60. வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம், ஆனால் ஹால்காரர்கள் ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்பார்கள். குடியுரிமை உள்ளவர்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே தனிநபர் வியாபாரம் பதியலாம். மற்றவர்களுக்கு செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனம், வழிதான், அதற்குப் பதிவுக் கட்டணம் மட்டுமே 1,000.

உணவைத் தொடும் ஒவ்வொருவருக்கும் டைபாய்டு ஊசி வேண்டும், கல்லாவில் இருந்துகொண்டே தட்டு எடுத்துக் கொடுக்கும் தங்கச்சிக்கும்தான். மூன்று ஆண்டு செல்லும். எங்களுக்கு ஓர் ஊசி 80 வெள்ளி ஆனது. உணவு கையாளுபவர் பயிற்சி வகுப்பு அரை நாள்தான். சுகாதார அமைச்சின் அங்கீகாரம் பெற்ற இடமா என்று பார்த்துச் சேருங்கள், இல்லையென்றால் சான்றிதழ் செல்லாது. 2009-ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகளின்படி கடையையும் ஃபோசிம் என்ற அமைச்சின் இணையத்தளத்தில் பதிய வேண்டும்.

7. மின்சாரம், புகை, தண்ணீர்

ஒப்பந்தத்துக்கு அடுத்து அதிகம் பணம் கரைவது இங்கேதான். பல கிடங்கு ஹால்களில் மரக்கூரை காரணமாக எரிவாயு சிலிண்டரே கூடாது. எங்கள் ஹாலிலும் அப்படித்தான். ஆகவே எல்லாம் மின்சாரம்.

லாட்டைக் காட்டும்போது "பவர் எல்லாம் இருக்கு" என்பார்கள். எத்தனை ஆம்பியர் என்று கேளுங்கள். பிறகு உங்கள் பொருள்களின் பின்பக்கத்தைப் பாருங்கள், ஒரு சிறிய தகட்டில் வாட் எழுதியிருக்கும். எங்கள் பட்டியல் இது: தோசைக்கல் 3,000, வடைச் சட்டி 3,000, வெந்நீர்ப் பாத்திரம் 2,500, சாம்பாரைச் சூடாக வைக்கும் தொட்டி 1,200, குளிர்ப்பெட்டி 400. மொத்தம் 10,100 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 44 ஆம்பியர் வருகிறது. எங்கள் லாட்டுக்குக் கொடுத்திருந்தது 32.

கணக்கை நாங்கள் முன்பே போடவில்லை, முதல் சனிக்கிழமை இரவுதான் தெரிந்தது. கல்லில் நான்கு தோசை, சட்டியில் பத்து வடை, யாரோ தே கேட்டார்கள், அக்கா வெந்நீரைத் தட்டிவிட்டார். டக் என்று ஒரு சத்தம், எல்லாம் இருட்டு. வடை எண்ணெயில் ஊறிக்கொண்டே இருந்தது. பிறகு தனி இணைப்பு இழுக்க 2,300 வெள்ளி ஆனது. மின் வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்றவர்தான் செய்ய வேண்டும். தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார் என்று கூப்பிட்டால், பிறகு காப்பீட்டில் மாட்டுவீர்கள்.

மின்கட்டணம் சப்-மீட்டர் வழியாக வரும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சென் என்று எழுதி வாங்குங்கள். மீட்டரின் எண்ணை முதல் நாளே படம் எடுத்து வையுங்கள்.

புகைக்கு மேல்கூண்டும் குழாயும் வேண்டும். ஹாலின் பொதுக் குழாயில் இணைக்க முடியுமா, அதைச் சுத்தம் செய்வது யார், எத்தனை மாதத்துக்கு ஒரு முறை? தோசையின் நெய்ப்புகை பக்கத்துக் காப்பிக்கடைக்குப் போனால் முதல் புகார் அங்கிருந்துதான் வரும். சிங்க் உங்கள் லாட்டுக்குள் வேண்டும், கூடவே எண்ணெய்க் கசடைப் பிடிக்கும் கிரீஸ் டிராப்பும். அதிகாரி வரும்போது முதலில் குனிந்து பார்ப்பது சிங்கின் அடியில்தான். செல்லுபடித் தேதி உள்ள தீயணைப்பான் ஒன்றும் தீப்போர்வை ஒன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

8. உரிமமும் பெயர்ப்பலகையும்

சில ஹால்களில் நிர்வாகம் ஒரே உரிமத்தில் எல்லாக் கடைகளையும் சேர்த்துவிடும், சிலவற்றில் ஒவ்வொரு கடையும் தனியாக எடுக்க வேண்டும். எது என்று நிர்வாகத்தை மட்டும் கேட்காதீர்கள், கொம்தார் கட்டடத்துக்குப் போய் மாநகர் கழகத்திலும் கேளுங்கள். எங்களிடம் கேட்டவை: மைகார்ட் (அடையாள அட்டை) பிரதி, படம், எஸ்.எஸ்.எம். தாள், முத்திரையிட்ட ஒப்பந்தம், லாட்டின் வரைபடம், ஊசி அட்டைகள், வகுப்புச் சான்றிதழ்கள், கடையின் உள்ளும் புறமும் எடுத்த படங்கள். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடப் பிரச்சினை தீர்ந்த பிறகு எங்கள் உரிமம் மூன்று வாரத்தில் வந்தது.

பெயர்ப்பலகையில் மலாய்தான் முதன்மையாக இருக்க வேண்டும், வாசகத்தை மலாய் மொழி அமைப்பான டேவான் பஹாசாவில் சரிபார்த்து வாங்குவது நல்லது. தமிழ் எழுத்தும் போடலாம், ஆனால் அளவில் மலாயை மிஞ்சக் கூடாது. ஆசையில் தமிழைப் பெரிதாகப் போட்டோம். பலகையைக் கழற்றி மாற்ற 400 வெள்ளி. அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்பே வரைபடத்தைக் காட்டிவிடுங்கள்.

சுகாதார அதிகாரி எந்த நாளும் வரலாம். ஏப்ரன், தலைமூடி, மூடிய காலணி மூன்றும் எப்போதும் வேண்டும். இடம் மோசமாக இருந்தால் 14 நாள் வரை மூடச் சொல்ல 1983-ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தில் இடமுண்டு. மூடியிருந்தாலும் வாடகை ஓடும்.

9. ஹலாலும் சைவமும்

பன்றி இறைச்சியோ மதுவோ விற்கும் கடை அதே ஹாலில் இருந்து, தட்டும் கழுவுமிடமும் பொதுவாக இருந்தால் ஹலால் சான்றிதழை மறந்துவிடுங்கள். சான்றிதழ் இல்லாமல் ஹலால் என்ற சொல்லையோ, அதுபோன்ற முத்திரையையோ ஒட்டுவது குற்றம். மலாய்க்கார வாடிக்கையாளர்களை எதிர்பார்த்து வியாபாரக் கணக்குப் போட்டிருந்தால், மற்றக் கடைகளின் பட்டியலை முதலில் வாங்கிப் பாருங்கள். இன்று இல்லாத கடை நாளை வரலாம் என்பதால் அதையும் ஒப்பந்தத்தில் கேளுங்கள்.

சைவக் கடை போடுபவர்களுக்கும் இதே சிக்கல்தான். எங்கள் ஹாலில் எல்லாத் தட்டும் ஒரே தொட்டியில் கழுவப்படுகிறது. வெள்ளிக்கிழமை விரதக்காரர்கள் கேட்பார்கள், பொய் சொல்ல முடியாது. நாங்கள் வாழையிலை வைத்த தனி எவர்சில்வர் தட்டு வாங்கி, எங்கள் சிங்கிலேயே கழுவுகிறோம். தட்டு கழுவும் கட்டணத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார்கள்.

10. ஆள் வைப்பதற்கு முன்

தமிழ்நாட்டிலிருந்து ஒரு மாஸ்டரை வரவழைத்துவிடலாம் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். சுற்றுலா விசாவில் வந்தவரை அடுப்பில் நிறுத்தாதீர்கள். குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவின்படி ஒரு ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், சிறையும் உண்டு. பினாங்கில் அங்காடிக் கடைகளின் உள்ளூர்ப் பண்டங்களை வெளிநாட்டவர் சமைக்கவும் 2016 முதல் தடை இருக்கிறது. எந்தெந்தப் பண்டம், உங்கள் கடை அந்த வகையில் வருமா என்று உரிமம் எடுக்கும் அதே கவுண்டரில் கேட்டுவிடுங்கள்.

உள்ளூர் ஆள் என்றால் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 2025 ஆகஸ்டு முதல் ஒரே ஒரு ஆள் வைத்திருக்கும் கடைக்கும் இது பொருந்தும். அதற்கு மேல் இ.பி.எஃப். முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி, பிறகு பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா. ஒரு ஆளுக்கு மாதம் 2,000 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

11. கையில் எவ்வளவு வேண்டும்

பத்துக்குப் பன்னிரண்டு அடி லாட்டுக்கு எங்களுக்கு ஆனது இவ்வளவு. இரண்டு மாத டெபாசிட் 5,600, தண்ணீர் மின்சார டெபாசிட் 1,400, ஒரு மாத முன்வாடகை 2,800, வேலை செய்யும்போது கட்டடத்துக்குச் சேதம் வந்தால் என்று பிடித்துவைக்கும் டெபாசிட் 2,000. இதுவே 11,800. புகைக்கூண்டும் குழாயும் 6,500, மின்சாரம் 2,300, சிங்க், குழாய், கிரீஸ் டிராப் 1,900, தோசைக்கல்லும் பழைய குளிர்ப்பெட்டியும் மற்றப் பாத்திரமும் 5,400, மேடையும் பலகையும் 3,800. அது 19,900. காகிதச் செலவு, ஊசி, முத்திரை எல்லாம் சேர்த்து ஆயிரம். 32,700-ல் வந்து நின்றது. அந்த 8,400 இதில் சேரவில்லை.

இதோடு மூன்று மாத வாடகையும் சம்பளமும் தனியாக இருக்க வேண்டும். கடன் வேண்டுமென்றால் இந்தியத் தொழில்முனைவோருக்காக தெக்குன் என்ற அரசாங்கக் கடன் அமைப்பில் ஸ்புமி திட்டம் இருக்கிறது. ஒப்பந்தமும் எஸ்.எஸ்.எம். பதிவும் கேட்பார்கள், ஆகவே அந்தப் பணத்தை நம்பி டெபாசிட் கட்டத் திட்டமிடாதீர்கள். டெபாசிட் முதலில், கடன் பிறகுதான்.

12. எந்த மாதம் தொடங்குவது, எப்படி வெளியே வருவது

சீனப் பெருநாளுக்கு முன் வேலை தொடங்காதீர்கள், கன்ட்ராக்டர் இரண்டு வாரம் தொலைபேசியே எடுக்கமாட்டார். பள்ளி விடுமுறையும் ஆண்டிறுதியும்தான் சுற்றுலாக் கூட்டம், அதற்கு ஆறு வாரம் முன்பு திறந்தால் கை பழகிவிடும். புது ஹால் என்றால், எத்தனை கடைகள் உண்மையில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன என்று கேளுங்கள். இருபது லாட்டில் ஏழு கடை மட்டும் திறந்திருந்தால் ஒருமுறை வந்தவர் மறுபடி வரமாட்டார். பாதிக்கு மேல் கடை திறக்கும் வரை பாதி வாடகை என்று ஒரு வரி சேர்க்க முடிந்தால் அதிர்ஷ்டம்.

வெளியே வரும்போது இடத்தை முன்பிருந்தபடியே திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். முன்பு எப்படி இருந்தது என்பதை நிரூபிப்பது நீங்கள்தான். சாவி வாங்கிய அன்றே, ஒரு பெட்டி கொண்டுவந்து வைப்பதற்கு முன், நான்கு சுவர், தரை, கூரை, வடிகால், ஏற்கெனவே இருக்கும் விரிசல், உதிர்ந்த சுண்ணாம்பு எல்லாவற்றையும் தேதி தெரியப் படம் எடுத்து அன்றைக்கே நிர்வாகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் தானாகவே உதிரும். எங்கள் ஹாலைவிட்டுக் கிளம்பிய ஜூஸ் கடைப் பையனிடம் அதற்காக 1,200 வெள்ளி பிடித்துக்கொண்டார்கள். அவனிடம் ஒரு படம்கூட இல்லை.

டெபாசிட் எத்தனை நாளில் திரும்பும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். எங்களுடையதில் 60 நாள் என்று போட்டிருக்கிறார்கள், 30 கேளுங்கள்.